நக்கோ என்றால் நக்கல் அல்ல

என் மகள் படிக்கும் பள்ளியின் முதல்வருக்குக் கைகுலுக்குவதில் அபார நம்பிக்கை. தினமும் காலையில் வாசலில் நின்று, உள்ளே வரும் ஒவ்வொரு பிள்ளைக்கும் கை கொடுப்பார். மழை நாளில் இடது கையில் குடை இருக்கும். வலது கை எப்போதும் பிள்ளைகளுக்கு. ஒருமுறை என் மகளுக்குக் கடும் ஜலதோஷம். கையைப் புத்தகப் பைக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டு நழுவப் பார்த்தாள். அவர் விடவில்லை. குனிந்து, தேடிப் பிடித்துக் குலுக்கினார். அடுத்த சில நாட்கள் வாசலில் தும்மிக்கொண்டே கை கொடுத்தார். அதற்கடுத்து ஆசிரியர்கள் தும்மினார்கள்.

அந்த ஜூன் மாதம்தான் அவர் திருநெல்வேலியிலிருந்து வந்து சேர்ந்திருந்தார். பல வருடம் இயற்பியல் சொல்லிக்கொடுத்தவர். இரண்டு பிள்ளைகள் சண்டை போட்டால் இயக்கத்தின் மூன்றாம் விதியைக் கொண்டுவந்து நிறுத்துவார். ஒவ்வொரு வினைக்கும் சமமான எதிர்வினை உண்டு. ஆகவே இருவரும் ‘சாரி’ சொல்ல வேண்டும், இருவரும் கை கொடுக்க வேண்டும். அடித்தவன் யார், அடி வாங்கியவன் யார் என்பது அந்த விதியில் வராது. பள்ளி அமைதியாகத்தான் இருந்தது.

அவருக்குத் தெலுங்கு தெரியாது. ஹைதராபாத்தின் இந்தியும் தெரியாது. ஆங்கிலம் இருக்கிறதே என்ற தைரியத்தில் வந்துவிட்டார். இந்த ஊர்ப் பேச்சில் ‘கைக்கு’ என்றால் ‘ஏன்’ என்று பொருள். என் கொள்ளுத்தாத்தா வேலூரிலிருந்து சிகந்தராபாத் லாலாகுடா ரயில்வே பட்டறைக்கு வேலைக்கு வந்தவர். நாங்கள் இன்னும் அந்தப் பக்கமே இருக்கிறோம். எங்கள் வேலூர்த் தமிழுக்குள் ‘கைக்கு’ எப்போது குடியேறியது என்று வீட்டில் யாருக்கும் தெரியாது; வாடகை கேட்காமல் வைத்திருக்கிறோம். ஆனால் நெல்லையிலிருந்து நேராக வந்தவருக்குக் ‘கைக்கு’ என்றால் கைக்குத்தான்.

ஒருநாள் வாசலில் அவர் கையை நீட்ட, ஒன்றாம் வகுப்புப் பொடியன் ஒருவன் அந்தக் கையைச் சந்தேகமாகப் பார்த்து, “கைக்கு?” என்றான்.

முதல்வரின் முகம் மலர்ந்துவிட்டது. “ஆமாலே, கைக்குத்தான்! நீ தமிழா?”

இதை என் மகள் வீட்டில் நடித்துக் காட்ட, நாங்கள் சாப்பாட்டைப் பாதியில் நிறுத்திவிட்டுச் சிரித்தோம். யாரும் அவரிடம் போய்த் திருத்தவில்லை. அவர் அவ்வளவு சந்தோஷமாக இருந்தார்.

அந்தப் பள்ளியின் குழந்தைப் பாதுகாப்புக் குழுவில் நான் பெற்றோர் தரப்பு உறுப்பினர். எனக்கு ஜீடிமெட்லாவில் ஒரு மருந்துத் தொழிற்சாலையில் வேலை. தர உறுதிப் பிரிவு. ஒரு எழுத்தை அடித்தால்கூட ஒற்றைக் கோடு போட்டு, பக்கத்தில் கையெழுத்து வைக்கும் இடம். வீட்டில் மசாலா டப்பாவிலும் நான் தேதி எழுதி ஒட்டுவதாக என் கணவர் ஊரெல்லாம் சொல்லியிருக்கிறார். அது உண்மைதான். குழுவில் என்னைச் சேர்த்ததற்கும் அதுவே காரணம் என்று நினைக்கிறேன். கூட்டத்தில் யார் என்ன சொன்னார்கள் என்று எழுத ஓர் ஆள் வேண்டும்.

குழுவில் இன்னொருவர் இந்தி ஆசிரியை. பழைய நகரத்தில் பிறந்து வளர்ந்தவர், உரத்த குரல், யாரையும் விட்டுவைக்காத வாய். மூன்றாமவர் முதல்வர். கூட்டத்தில் பெரும்பாலும் பேருந்து ஜன்னல் கம்பி, கேன்டீன் எண்ணெய், கழிவறைத் தாழ்ப்பாள் என்று பேசுவோம். தாழ்ப்பாள் விஷயம் மூன்று கூட்டமாக ஓடிக்கொண்டிருந்தது. குழந்தைப் பாதுகாப்பு என்பது தாழ்ப்பாள்தான் என்று நாங்களே நம்பத் தொடங்கியிருந்தோம்.

அன்றும் தாழ்ப்பாளை முடித்துவிட்டுத் தேநீர் குடித்துக்கொண்டிருந்தோம். முதல்வர் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்தார். ஒரு நல்ல செய்தியைக் கடைசியில் சொல்பவரின் சாய்வு அது.

“இன்னொரு சின்ன விஷயம். நானே முடிச்சுட்டேன். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை ஒண்ணு, நம்ம தமிழ்ப் பிள்ளைதான், என்கிட்ட வந்து தமிழ்லயே சொல்லிச்சு. பஸ்ல ஒரு பத்தாம் வகுப்புப் பையன் டெய்லி ஏடிப்பிக்கிறான் சார்னு.”

நான் பேனாவை எடுத்தேன். “என்ன சொன்னா சார்? அந்த வார்த்தையைத் திருப்பிச் சொல்லுங்க.”

“ஏடிப்பிக்கிறான். எனக்கும் புரியலை. ஆயாம்மாவைக் கூப்பிட்டு மீனிங் கேட்டேம்லா. அந்தம்மா இப்படிக் கண்ணைக் கசக்கிக் காட்டிச்சு. அழ வைக்கிறான், அவ்வளவுதான். அடுத்த நாள் ரெண்டு பேரையும் என் ரூமுக்குக் கூப்பிட்டேன். அவன் ‘சும்மா மஸ்தி, விளையாட்டு சார்’ங்கான். ரெண்டு பேரையும் சாரி சொல்ல வச்சு, கை கொடுக்க வச்சேன். இனிமே அந்தப் பிள்ளைக்குத் தொந்தரவு இருக்கக் கூடாதுன்னு அவளை, பத்தாம் வகுப்புக்கு எதிர் ரூம்ல இருக்க பி செக்‌ஷன்லேருந்து சி செக்‌ஷனுக்கு மாத்திட்டேன். பஸ்லயும் டிரைவர் பக்கத்து சீட்டு. பிள்ளை நல்ல தைரியசாலி மேடம். கை கொடும்மான்னேன். ‘கைக்கு சார்?’ன்னு கேட்டா. ஆமாம்மா, கைக்குத்தான்னேன். உடனே ‘நக்கோ சார்’னா! சிரிச்சுட்டேன். நக்கலுக்கு ஒண்ணும் குறைச்சல் இல்லை. நக்கல் பண்ணுதான்னா மனசு லேசாயிடுச்சுன்னுதான அர்த்தம்?”

அவர் சிரித்தார். இந்தி ஆசிரியைக்குத் தமிழ் தெரியாது. ஆனால் அந்தத் தமிழில் நடுநடுவே தன் சொற்கள் வந்து போனதை அவர் காது பிடித்துவிட்டது. கோப்பையை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

“கைக்கு ஹஸ்ரே சார்? லட்கீ நக்கோ போலீ, சார் ஹஸ்ரே?” பெண் வேண்டாம் என்றிருக்கிறாள், இவர் ஏன் சிரிக்கிறார் என்கிறார்.

சிகந்தராபாத்தில் நாலு தலைமுறை இருந்ததன் பயன் அந்த அறையில் எனக்கு வந்து சேர்ந்தது. மூன்று மொழிக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தது நான் ஒருத்திதான்.

“சார், நக்கோன்னா நக்கல் இல்லை,” என்றேன். “வேண்டாம்னு அர்த்தம்.”

“வேண்டாம்னா? எது வேண்டாம்?”

“கை கொடுக்கறது. கைக்குன்னாலும் கைக்கு இல்லை சார். ஏன்னு அர்த்தம். அந்தப் பொண்ணு உங்களை ஏன்னு கேட்டிருக்கா. அப்புறம் வேண்டாம்னு சொல்லியிருக்கா.”

அவர் முகத்தில் இருந்த சிரிப்புக்கு இறங்க வழி தெரியவில்லை. கொஞ்ச நேரம் அங்கேயே நின்றது. நான் மிச்சத்தையும் சொன்னேன். ‘ஏடிப்பிஞ்சாடு’ என்றால் தெலுங்கில் அழ வைத்தான் என்பது சரிதான், ஆயாம்மா பொய் சொல்லவில்லை. ஆனால் ஒரு பெண் ஒரு பையனைப் பற்றி அப்படிச் சொன்னால் இந்த ஊரில் அதற்குச் சீண்டினான், தொல்லை கொடுத்தான் என்று பொருள். அவள் அந்தச் சொல்லுக்குத் தமிழ் வால் ஒட்டிக் கொண்டுவந்திருக்கிறாள்.

“அவன் என்ன பண்ணினான்னு அவ சொன்னாளா சார்?”

“பின்னால உக்காந்து... கையை...” என்று தொடங்கி நிறுத்திக்கொண்டார். “சொன்னா. வேண்டாம்னு சொன்ன பிறகும் தொடுதான், இறங்க விடாம மறிக்கான்னு சொன்னா. நான் ரெண்டு பேரும் தள்ளிக்கிட்டாங்கன்னு நினைச்சேன்.” அவர் தன் வலது கையைத் திருப்பிப் பார்த்தார். பள்ளியில் எல்லோருக்கும் கொடுத்த கை.

அவள் சொன்னதை இதற்கு மேல் இங்கே எழுத மாட்டேன். அது தள்ளுமுள்ளு இல்லை என்பது மட்டும் போதும்.

நான் சட்டம் படித்தவள் இல்லை. ஆனால் குழுவில் சேரும்போது கொடுத்த பயிற்சிக் குறிப்பை முழுவதும் வாசித்தவள் நான் ஒருத்திதான் என்று அன்று தெரிந்தது. பதினெட்டு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளையிடம் இப்படி ஒன்று நடந்ததாகப் பள்ளிக்குத் தெரியவந்தால் காவல்துறைக்குச் சொல்லியே ஆக வேண்டும். சொல்லாமல் விட்டால் அதுவே குற்றம். செய்ததாகச் சொல்லப்படுபவனும் பிள்ளையாக இருந்தாலும் அப்படித்தான். இதை விசாரித்துத் தீர்ப்புச் சொல்வது பள்ளியின் வேலை இல்லை. இரண்டு பேரையும் ஒரே அறையில் எதிரெதிரே நிறுத்துவது நிச்சயமாக இல்லை.

இதைச் சொன்னதும் முதல்வர் மூன்றாம் விதியைக் கடைசியாக ஒருமுறை எடுத்தார். “பையனுக்கும் எதிர்காலம் இருக்குல்லா மேடம்? ஸ்கூல் பேரு வேற...”

இந்தி ஆசிரியைக்கு இதை மொழிபெயர்த்தேன். அவர் ஆங்கிலத்தில் முதல்வரிடம் கேட்டார்: “சார், தாழ்ப்பாளுக்கு மூன்று கூட்டம் போட்டோம். இதற்கு ஒரு கைகுலுக்கலா?”

நான் எங்கள் தொழிற்சாலைக் கதையைச் சொன்னேன். ஒரு தொகுதி மருந்தில் ஏதோ தப்பு என்று ஆய்வகப் பெண் ஒருத்தி கண்டுபிடித்தால் நாங்கள் என்ன செய்வோம்? அந்தத் தொகுதியை மஞ்சள் சீட்டு ஒட்டித் தனியே வைப்போம். மஞ்சள் என்றால் கெட்டது என்று இல்லை. முடிவு வரும்வரை தனியே இருக்கட்டும் என்பதுதான். கெட்டது என்று முடிவு செய்து சிவப்புச் சீட்டு ஒட்டுவது வேறு ஆள், வேறு மேஜை.

“நீங்க என்ன பண்ணிட்டீங்க தெரியுமா சார்? மருந்தை அலமாரியில விட்டுட்டு, தப்புன்னு சொன்ன பொண்ணு மேல மஞ்சள் சீட்டை ஒட்டி சி செக்‌ஷன்ல வச்சிட்டீங்க.”

அவர் தேநீர்க் கோப்பையை ஓரமாக நகர்த்தினார். பிறகு, “நான் அவளைப் பாதுகாக்கேன்னுதான் மேடம் நினைச்சேன்,” என்றார். அதை நான் நம்பினேன். இப்போதும் நம்புகிறேன்.

பள்ளித் தாளாளரிடம் எங்கள் முன்னாலேயே தொலைபேசியில் பேசினார். அந்தப் பக்கத்திலிருந்து ‘இதெல்லாம் சுமுகமாக’ என்கிற மாதிரி ஏதோ வந்திருக்க வேண்டும். முதல்வர் ஆங்கிலத்தில், மிக மரியாதையாக, “இது உங்களுக்குத் தகவல் சார், அனுமதி கேட்கவில்லை,” என்றார். வைத்த பிறகு தண்ணீர் கேட்டார். ஒரே மூச்சில் குடித்தார். இந்தி ஆசிரியை பிஸ்கட் தட்டை அவர் பக்கம் நகர்த்தினார். அவருடைய அகராதியில் அது பாராட்டு.

பிறகு காவல் நிலையத்துக்குத் தகவல் கொடுத்தார். பெண்ணின் அம்மாவுக்கு மட்டும் தொலைபேசியில் சொல்ல மறுத்துவிட்டார். “நேர்லதான் சொல்லணும். நீங்களும் வாங்க மேடம். எனக்கு இந்த ஊர்த் தமிழுக்கே மொழிபெயர்ப்பாளர் வேணும் போல.”

கொண்டாப்பூரில் அந்தப் பெண்ணின் வீடு வரை அவருடைய சின்னக் காரில் போனோம். சாயங்கால நெரிசலில் கார் நின்ற இடமெல்லாம் அவர் வாக்கியங்களைச் சொல்லிப் பார்த்தார். “உங்க மகள் சொன்னதை நான் சரியாப் புரிஞ்சுக்கலை.” சிவப்பு விளக்கு. “உங்க மகள் சரியாத்தான் சொன்னா, நான்தான்...” பச்சை விளக்கு. “மேடம், ‘தவறிட்டேன்’ நல்லாருக்கா, ‘தப்பு பண்ணிட்டேன்’ நல்லாருக்கா?”

“ரெண்டாவதுதான் சார்,” என்றேன். “சின்னதா இருக்கு. நெரிசல்லயும் சொல்லலாம்.” ஒரு விஷயத்தை மட்டும் கண்டிப்பாகச் சொன்னேன்: என்ன நடந்தது என்று அந்தப் பெண்ணிடம் மறுபடி கேட்கக் கூடாது. அதைக் கேட்க வேண்டியவர்கள் வந்து ஒரே தடவை கேட்பார்கள்.

பெண்ணின் அம்மா மதுரைக்காரர், மென்பொருள் நிறுவனத்தில் வேலை. அப்பா அந்த வாரம் வெளியூரில். அம்மா கதவைத் திறந்ததுமே சிரித்த முகத்தோடு உள்ளே வரச் சொன்னார். முதல்வர் வீட்டுக்கே வந்திருக்கிறார் என்ற பெருமை. எங்கள் முகத்தைப் பார்த்த பிறகு அது மெல்ல வடிந்தது.

முதல்வர் பாடம் பண்ணிய வாக்கியம் எதையும் சொல்லவில்லை. “தப்பு பண்ணிட்டேம்மா” என்று ஆரம்பித்து, நடந்ததை நடந்த வரிசையில் சொன்னார். ‘கைக்கு’வையும் ‘நக்கோ’வையும்கூட மறைக்கவில்லை.

அம்மா நின்றபடியே கேட்டார். பிறகு சோபாவின் கையில் உட்கார்ந்தார். “பிள்ளைங்களுக்குள்ள சின்னச் சண்டை, சமாதானம் பண்ணியாச்சுன்னுதானே சார் மெசேஜ் போட்டீங்க? நான் வேற உங்களுக்குத் தேங்க்ஸ்னு அனுப்பிச்சேனே! பூ பொம்மை எல்லாம் வச்சு அனுப்பிச்சேன் சார்!” குரல் உடைந்தது. “தினம் காலைல வயித்து வலிங்கறா. ஸ்கூலுக்குப் போக சோம்பேறித்தனம்னு திட்டினேன். சின்னச் சண்டைதானே பாப்பான்னு கேட்டேன். ‘ஹவ்’னா, ஆமாங்கற மாதிரி. அதோட விட்டுட்டேன்.”

“எங்கிட்ட ஏன் சொல்லலை?” என்று உள் அறையைப் பார்த்துக் கேட்டார். கோபமில்லை, வலி.

கதவுக்குப் பின்னாலிருந்தே பதில் வந்தது. “தமிழ்ல எப்படிச் சொல்றதுன்னு தெரியலைம்மா. அசிங்கமா இருந்துச்சு. தெலுங்குல சொன்னா கிளாஸ்ல எல்லாருக்கும் தெரிஞ்சிடும். ஸ்கூல்ல சாருக்கு மட்டும்தான் தமிழ் வரும்னு, தெரிஞ்ச தமிழ்ல அவர்கிட்ட சொன்னேன்.”

முதல்வர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது.

அவள் வெளியே வந்தாள். பதினாலு வயது. விளையாடுபவர்களுக்கு இருக்கும் நேரான தோள். பின்னால்தான் தெரிந்தது, பி செக்‌ஷன் த்ரோபால் அணிக்கு அவள்தான் கேப்டன். செக்‌ஷன்களுக்கு இடையே போட்டி வரப்போகிறது. சி செக்‌ஷனுக்குப் போனால் தான் சேர்த்த அணியை எதிர்த்தே அவள் ஆட வேண்டும். முதல்வரின் பாதுகாப்பு ஏற்பாட்டில் இந்த ஐட்டம் யார் கண்ணிலும் படவில்லை.

“நாளைக்கே நீ உன் செக்‌ஷனுக்கு வரலாம்மா,” என்றார் முதல்வர். “அந்தப் பையன் எதிர் ரூம்லயும் இருக்க மாட்டான், பஸ்லயும் இருக்க மாட்டான். இனி நீ எதுவும் மாற வேண்டாம். வேற என்ன வேணும்னாலும் சொல்லு.”

அவள் யோசித்தாள். அம்மாவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

“நான் அன்னிக்கு சாரி சொன்னேன்ல சார். அதைத் திருப்பி வாங்கிக்கலாமா?”

அந்த அறையில் பெரியவர்கள் மூன்று பேர் இருந்தோம். போலீஸ், சட்டம், செக்‌ஷன் என்று எல்லாவற்றையும் யோசித்துவிட்டு வந்திருந்தோம். இதை யாரும் யோசிக்கவில்லை. வகுப்பு மாறியதைவிட, பேருந்து இருக்கையைவிட, செய்யாத தப்புக்குச் சொன்ன அந்த ஒரு சொல்தான் அவள் வயிற்றில் வலித்துக்கொண்டிருந்திருக்கிறது.

“வாங்கிக்கோம்மா,” என்றார் முதல்வர். ஒரு நொடி கழித்து, “அது உன்னோடது இல்லை. நான் சொல்ல வச்சது. எனக்கு வேணும், நானே வச்சுக்கிடுதேன்,” என்றார்.

அவர் கை பழக்கத்தில் பாதி தூரம் நீண்டுவிட்டது. பார்த்துவிட்டார். சட்டென்று இழுத்துச் சட்டைப் பையில் பேனாவைச் சரிசெய்வதுபோல் பாவனை செய்தார். பையில் பேனா இல்லை. பெண் அதைப் பார்த்தாள். சிரிக்கவில்லை, ஆனால் பார்த்தாள்.

மறுநாள் காவல்துறையிலிருந்து ஒரு பெண் அதிகாரி சாதாரணச் சுடிதாரில் அவள் வீட்டுக்கே வந்து, அம்மாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, எல்லாவற்றையும் கேட்டு எழுதிக்கொண்டு போனார். நான் அங்கே இல்லை, இருக்கவும் கூடாது. எந்த மொழியில் வேண்டுமானாலும் சொல் என்றாராம். அவள் தமிழ், தெலுங்கு, இந்தி, ஆங்கிலம் நான்கிலும் சொன்னாள் என்று அம்மா பிறகு என்னிடம் சொன்னார்.

பையனின் அப்பா பள்ளிக்கு வந்து சத்தம் போட்டார். பசங்க விளையாட்டைப் போலீஸ் கேஸாக்கிவிட்டீர்கள் என்றார். முதல்வர் அவருக்கு நாற்காலி போட்டு, தண்ணீர் கொடுத்து, “உங்க பையன் குற்றவாளின்னு நான் சொல்லலை சார். அதைச் சொல்லுறதும் என் வேலை இல்லை, இல்லைன்னு சொல்லுறதும் என் வேலை இல்லை,” என்றார். அந்தப் பையனும் ஒரு பிள்ளைதான். அவன் விஷயம் சிறுவர்களுக்கான நீதி வாரியத்தில் நடக்கிறது. அது எப்படி முடியும் என்று எனக்குத் தெரியாது. தெரிந்தாலும் இங்கே எழுத மாட்டேன். அவனுக்குத் தனியாகப் பாடம் நடந்தது. மஞ்சள் சீட்டு, அவ்வளவுதான்.

நான் வீட்டுக்கு வந்து ஒரு காரியம் செய்தேன். என் மகளுக்குப் பதினொரு வயது. தமிழில் கேட்டால் தெலுங்கில் பதில் சொல்லும் ரகம். இட்லிக்கு நடுவில் கேட்டேன்: “நீ வேண்டாம்னு சொன்ன பிறகும் யாராவது உன்னைத் தொட்டா, வீட்டுக்கு வந்து எப்படிச் சொல்லுவே?”

மென்றுகொண்டே யோசித்தாள். “தமிழ்ல எட்லா செப்பாலம்மா? நாக்கு தமிழ்ல தினு, படுக்கோ, ஸ்நானம் செய், அந்தே தெலுசு.”

தமிழில் எப்படிச் சொல்வது, எனக்குத் தமிழில் சாப்பிடு, தூங்கு, குளி இவ்வளவுதான் தெரியும் என்கிறாள். அதையும் தெலுங்கில்தான் சொன்னாள். உண்மை. நாலு தலைமுறையாகத் தமிழைக் காப்பாற்றினோம் என்று சங்க விழாவில் மார்தட்டுகிறோம். காப்பாற்றியது சமையலறை வரைக்கும்தான் போல. அதற்கு வெளியே ஒரு பெண்ணுக்கு என்ன நடந்தாலும் சொல்ல எங்கள் வீட்டில் சொல் வைத்திருக்கவில்லை. உடம்பின் பாகங்களுக்குச் செல்லப் பெயர் வைத்து, அதையும் கிசுகிசுத்து, ‘ஷேம் ஷேம்’ என்று முடித்திருக்கிறோம். அன்று இட்லி ஆறும்வரை உட்கார்ந்து, இருக்கிற பெயர்களை இருக்கிறபடி சொல்லிக்கொடுத்தேன். என் கணவர் சட்னி எடுக்க எழுந்து போனவர் திரும்பி வரவில்லை. குரல் மட்டும் சமையலறையிலிருந்து வந்தது: “நான் கேட்டுக்கிட்டுதான் இருக்கேன், நீ சொல்லு.”

“எந்த மொழியா இருந்தாலும் பரவாயில்ல,” என்று முடித்தேன். “வந்து சொல்லிடணும்.”

“ஹவ்,” என்றாள். இந்த முறை அந்த ‘ஹவ்’வோடு நான் விட்டுவிடவில்லை, திருப்பிச் சொல்லச் சொன்னேன். “கமிட்டி ஆன்ட்டி!” என்று முனகிவிட்டுச் சொன்னாள்.

அடுத்த குழுக் கூட்டத்தில் இந்தி ஆசிரியை முதல்வருக்குப் பாடம் எடுத்தார். ‘கைக்கு’ என்றால்? “ஏன்.” ‘ஹவ்’ என்றால்? “ஆமாம்.” ‘நக்கோ’ என்றால்? முதல்வர் நிமிர்ந்து உட்கார்ந்து, ஒப்பிப்பதுபோல், “வேண்டாம். கேட்டவுடனே நிறுத்தணும்,” என்றார். “அரே, நக்கோ போலே தோ நக்கோ!” என்று ஆசிரியை மேஜையைத் தட்டினார். வேண்டாம் என்றால் வேண்டாம்தான் என்று அர்த்தம். அதே கையோடு பிஸ்கட் தட்டை நீட்டினார். முதல்வர் “நக்கோ” என்றார். ஆசிரியை ஒரு பிஸ்கட்டை எடுத்து அவர் தேநீர்த் தட்டில் வைத்துவிட்டார். நான் இதைக் குறிப்பில் எழுதட்டுமா என்று கேட்டேன். பிஸ்கட்டைத் திருப்பி எடுத்துக்கொண்டார்.

வாசலிலும் ஒரு மாற்றம். முதல்வர் இப்போதும் காலையில் அங்கேதான் நிற்கிறார். ஆனால் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்கிறார். கை வேண்டும் என்கிற பிள்ளை கையை நீட்டினால் அவரும் நீட்டுகிறார். இல்லையென்றால் ‘குட் மார்னிங்’ மட்டும். முதல் சில நாட்கள் அந்தக் கைகளை எங்கே வைப்பது என்று அவருக்கே தெரியவில்லை. யாரோ பொருள் கொடுத்துவிட்டுப் போய், வைத்துக்கொள்ள இடமில்லாதவர்போல் நின்றார்.

அந்தப் பெண் கொஞ்ச நாள் அம்மாவோடு காரில்தான் வந்தாள். த்ரோபால் போட்டியில் பி செக்‌ஷன் தோற்றது. அவள் கேப்டனாக இருந்துதான் தோற்றது. தசரா விடுமுறை முடிந்த காலை, என் மகளை இறக்கிவிட நான் வாசலில் நின்றபோது, பள்ளிப் பேருந்திலிருந்து அவள் இறங்கினாள். டிரைவர் பக்கத்து இருக்கையிலிருந்து இல்லை. நடுவில், தன் சினேகிதிகளோடு உட்கார்ந்த இடத்திலிருந்து.

முதல்வர் பார்த்துவிட்டார். கைகள் முதுகுக்குப் பின்னால் இன்னும் இறுகின. “குட் மார்னிங்மா,” என்றார், ரொம்பக் கவனமாக.

அவள் தாண்டிப் போனாள். நாலடி போய்த் திரும்பினாள். அவருடைய முதுகுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள்.

“கைக்கு சார்?” என்றாள். “கை காணோமே!”

சினேகிதிகள் சிரித்தார்கள். அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு உள்ளே ஓடினாள். முதல்வர் திகைத்து நின்றார். முகம் சிவந்துவிட்டது. பரீட்சையில் பாடத்துக்கு வெளியிலிருந்து கேள்வி வந்த மாணவனைப்போல் என்னைத் தேடினார்.

“மேடம், இது நக்கோவா நக்கலா?”

“இது நக்கல்தான் சார்,” என்றேன். “சிரிக்கலாம்.”